கறுப்பு வெள்ளை இங்க்ஜெட் படங்களுக்கு ஸ்ப்ரே பூச்சு: கறுப்பு ஏன் வெளுக்கிறது?

தெம்பனிஸ்வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகளுடன் நடந்து எடுத்த படங்களை, எப்சன் பிக்மென்ட் (நிறமித் துகள்) மையில், ஹானமூலே ஃபோட்டோ ராக் 308 தாளில் அச்சிட்டிருக்கிறேன். கண்காட்சியில் கண்ணாடி இல்லாமல் மாட்டவிருக்கிறோம். விரல் உரசினாலே தடம் விழும் மேட் (பளபளப்பில்லாத) தாள் என்பதால் பாதுகாப்புக்கு ஸ்ப்ரே பூச்சு தேவைப்படுகிறது. ஆனால், மழை விட்ட ஒரு மாலையில் துண்டுத் தாளில் அடித்துப் பார்த்தபோது, ஆழ்ந்த கறுப்பு நீறு பூத்தாற்போல் வெளுத்துவிட்டது. குறை பூச்சிலா, மையிலா, தாளிலா?

ஈசூன் அச்சுக்கூடம்:
நண்பரே, மூன்றிலும் குறையில்லை; காற்றின் ஈரம்தான் காரணம். பூச்சிலுள்ள கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது தாளின் மேற்பரப்பு குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்றிலுள்ள நீராவி நுண்துளிகளாகப் படிந்து, உலரும் பூச்சுக்குள் சிக்கி வெண்மையாகத் தெரிகிறது. வண்ணப் படத்தில் கண்ணுக்குத் தப்பிவிடக்கூடிய இந்த வெளுப்பு, கறுப்பு வெள்ளையில் நிழல்கள் அனைத்தையும் கெடுத்துவிடும். சிங்கப்பூரில் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தாண்டும் ஈரப்பதம், மழையில்லாத நாளின் பிற்பகலில் ஏறக்குறைய 60 விழுக்காட்டுக்கு இறங்கும். அந்த நேரத்தில் மட்டும் அடியுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து படத்தை நேரே வெளியே கொண்டுவந்தால், குளிர்ந்த தாளே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகவே பிளாஸ்டிக் உறையில் மூடியபடியே வெளியே வைத்து, வெளிச்சூட்டுக்கு அது வந்த பிறகே உறையைப் பிரியுங்கள். அச்சிட்டு ஒரு நாளாவது உலர்ந்திருக்கவும் வேண்டும். ஒரே கனத்த பூச்சைவிட, ஒன்றுக்கொன்று குறுக்காக அடித்த இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளே சிறந்தவை. சரியாக அமைந்தால் மேட் தாளில் கறுப்பு முன்பைவிடச் சற்று ஆழமாகவே தெரியும்.

கிளமெண்டி வாசகர்:
மேலுள்ளதை வழிமொழிகிறேன். ஆயினும் பூச்சிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதில் தெளிவு வேண்டும். உரசல், ஈரக்கை, காற்றிலுள்ள ஓசோன் ஆகியவற்றிலிருந்து அது ஓரளவு காக்கும். புற ஊதாக் கதிரையும் சிறிது தடுக்கும். ஆனால் படத்தின் ஆயுளை முதலில் தீர்மானிப்பவை மையும் தாளும்தான். கரி (கார்பன்) நிறமி கொண்ட உங்கள் கறுப்பு மை இயல்பிலேயே உறுதியானது. டை (கரையும் சாய) மையில் அச்சிட்டவர்களுக்கே கவலை அதிகம்: சாம்பல் நிறத்தை உண்டாக்கக் கலந்த வண்ணங்கள் வெவ்வேறு வேகத்தில் மங்குவதால், படத்தில் பச்சையோ சிவப்போ சாயல் ஏறிவிடும். பூச்சு அதைத் தாமதப்படுத்துமேயன்றி நிறுத்தாது. ஒருமுறை அடித்த பூச்சைத் தாளிலிருந்து நீக்கவும் இயலாது என்பதால், விற்பனைக்குரிய படமெனில் வாங்குபவரிடம் சொல்லிவிடுவது முறை.

தெம்பனிஸ்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் பிற்பகலில் எங்கே அடிப்பது? தாழ்வாரம் சரியாகுமா?

ஈசூன் அச்சுக்கூடம்:
பொதுத் தாழ்வாரம் வேண்டாம். கரைப்பானின் ஆவி எளிதில் தீப்பற்றும். அண்டை வீட்டு வாசலில் ஊதுவத்தி எரிந்துகொண்டிருக்கலாம், ஆவி அவர்கள் வீட்டுக்குள்ளும் போகும். பூசை விளக்கும் அடுப்பும் உள்ள வீட்டுக்குள்ளும் அடிக்காதீர்கள். காற்றோட்டமுள்ள அச்சகத்தையோ பட்டறையையோ கேட்டுப் பாருங்கள். சாதாரண முகக்கவசம் கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் அணிய வேண்டும். அங்கேயும் முதலில் முழுக் கறுப்பாக அச்சிட்ட துண்டொன்றில் அடித்து, அது உலர்ந்த பின் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெளுப்பு இல்லையென்றால் மட்டும் படங்களுக்கு அடியுங்கள்.