ஜெர்மன் போர் விமானத்தின் துண்டுகளா? அடையாளம் காண உதவுங்கள் (கென்ட், இங்கிலாந்து)

மெட்வே வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டைக் காலி செய்யும்போது ஒரு மரப்பெட்டியை என்னிடம் கொடுத்தார். 1940-ல் அவருடைய அப்பா வேலை பார்த்த பண்ணையில் ஒரு ஜெர்மன் விமானம் விழுந்ததாம். அப்போது வயலில் பொறுக்கிய துண்டுகள் என்கிறார். எந்த விமானம், ஓட்டியவர் என்ன ஆனார் என்று அவருக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்தே அது அவர் மனதில் இருக்கிறது. கண்டுபிடித்துச் சொல்ல முடிந்தால் ரொம்ப சந்தோஷப்படுவார்.

முழங்கை நீளத்துக்கு ஓர் அலுமினியத் தகடு இருக்கிறது. வெளிப்பக்கம் வெளிர்நீலம், உள்பக்கம் சாம்பல் கலந்த பச்சை. மஞ்சள் பட்டை அடித்த குழாய்த் துண்டு ஒன்று. முள் இல்லாத டயல் ஒன்று. அதன் ஓரத்தில் "எஃப்எல் 22231" என்று இருக்கிறது. பார்க்கக் கனமாகத் தெரிந்தாலும் தூக்கினால் லேசாக இருக்கும் ஒரு வார்ப்புத் துண்டு, மேலெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. அப்புறம் தீப்பெட்டி அளவில் ஒரு பெயர்த்தகடு. அழுக்கில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. அதை வினிகரில் ஊறவைக்கலாமா, பிராஸோ (உலோகப் பாலிஷ்) போட்டுத் தேய்க்கலாமா?

ஹேங்கர் ஃபிட்டர்:

தம்பி, இரண்டுமே வேண்டாம். அந்த அழுக்குக்குக் கீழே இருக்கும் பெயின்ட்தான் உங்களுக்கு முக்கியமான சாட்சி. தேய்த்தால் எண்ணோடு சேர்ந்து அதுவும் போய்விடும். மென்மையான பிரஷ்ஷால் காய்ந்த மண்ணை மட்டும் தட்டிவிடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடியுங்கள். குத்திய எழுத்துகளின் நிழல் விழும். அதைப் போட்டோ எடுங்கள்.

வெள்ளைப் பொடி பூத்தது பெரும்பாலும் மக்னீசியக் கலவை. எலெக்ட்ரான் என்ற பெயரில் ஜெர்மன்காரர்கள் அதை நிறையவே பயன்படுத்தினார்கள். அதை அரத்தால் ராவாதீர்கள், கிரைண்டரில் வைக்காதீர்கள். அந்தத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. ஊற்றினால் இன்னும் கொழுந்துவிடும்.

முதலில் இது ஜெர்மன் சாமான்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கென்ட் வானத்தில் இரண்டு பக்கத்து விமானங்களும்தான் விழுந்தன. திருகாணி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். 5, 6, 8 மில்லிமீட்டர் என்று முழு எண் வந்தால் ஜெர்மன் பக்கம் சாயலாம். பிரிட்டிஷ் திருகுகள் அங்குல அளவில் இருக்கும். கிரீடமும் "ஏஎம்" என்ற எழுத்தும் இருந்தால் அது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் முத்திரை. 300 என்று தொடங்கும் பாக எண் கிடைத்தால் ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்ற பிரிட்டிஷ் போர் விமானமாக இருக்கலாம். உள்பக்கச் சாம்பல்பச்சையை மட்டும் நம்பாதீர்கள். இரு நாட்டாரும் கிட்டத்தட்ட அதே நிறத்தை அடித்திருக்கிறார்கள்.

பெர்லின் தமிழன்:

டயலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எஃப்எல் என்று தொடங்கும் ஐந்து இலக்க எண் ஜெர்மன் விமானக் கருவிகளுக்கான பட்டியல் எண். 22231 என்பது வேகமானி. ஆனால் அதை வைத்து விமானத்தைச் சொல்ல முடியாது. ஒரே கருவியைப் பல ரகங்களில் மாட்டினார்கள். இருட்டில் தெரிவதற்காக அடித்த பூச்சில் ரேடியம் இருக்க வாய்ப்புண்டு. இப்போது அது ஒளிராமல் இருந்தாலும் கதிர்வீச்சு இருக்கும். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம், சுரண்ட வேண்டாம். பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பெட்டியின் அடியில் தோட்டாவோ, விரல் பருமனுக்கு மேல் உருளையாக ஏதாவதோ கிடந்தால் தொடாமல் போலீஸைக் கூப்பிடுங்கள். 20 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுக்குள் வெடிமருந்து உண்டு; எண்பது வருஷம் ஆனாலும் அது வெடிமருந்துதான்.

மெட்வே வாசி:

இருவருக்கும் நன்றி. பெட்டியில் தோட்டா எதுவும் இல்லை. டயலைப் பையில் போட்டுவிட்டேன். டார்ச் யோசனை பிரமாதமாக வேலை செய்தது! பெயர்த்தகட்டில் "9-601" என்று தெளிவாகத் தெரிகிறது. அதன் பின் வரும் எண்கள் நசுங்கியிருக்கின்றன. தகட்டில் ஒட்டியிருந்த திருகு சரியாக 6 மில்லிமீட்டர். இன்னொன்று: அலுமினியத் தகட்டின் ஒரு நீள விளிம்பு உள்பக்கமாகச் செங்குத்தாக மடிந்திருக்கிறது. உடைந்து மடிந்தது இல்லை, அச்சில் வைத்து மடித்த மாதிரி நேராக இருக்கிறது. அந்த மடிப்பில் சிறு வெட்டுகள் விட்டிருக்கிறார்கள். அவற்றினூடே ஏதோ நீளமான கம்பி போயிருக்க வேண்டும்.

ஹேங்கர் ஃபிட்டர்:

அருமை தம்பி, இப்போது வழி தெரிகிறது. ஜெர்மன் விமான அமைச்சகத்தின் முறையில் 8 என்று தொடங்கினால் விமானம், 9 என்று தொடங்கினால் இன்ஜின். 8-109 என்றால் மெஸ்ஸர்ஷ்மிட் 109, 8-88 என்றால் யுங்கர்ஸ் 88. உங்களுடைய 9-601 டைம்லர்-பென்ஸ் டிபி 601: தலைகீழான வி வடிவில் 12 சிலிண்டர், கிட்டத்தட்ட 34 லிட்டர். கார்புரேட்டர் கிடையாது; பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படும். மஞ்சள் பட்டைக் குழாய் அந்தப் பெட்ரோல் போன வழி. எண்ணெய்க் குழாய்க்குப் பழுப்புப் பட்டை போடுவார்கள்.

ஆனால் இந்த இன்ஜின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஈ-யிலும் உண்டு, இரட்டை இன்ஜின் 110-லும் உண்டு, ஹைங்கெல் 111 பி-யிலும் உண்டு. பெயர்த்தகடு எந்தப் பாகத்தைச் சேர்ந்ததோ அந்தப் பாகத்தைத்தான் சொல்லும், விமானத்தை அல்ல. இதை மறந்துவிட்டுப் பெயர் சூட்டுவதால்தான் பல கண்காட்சிப் பெட்டிகளில் தவறான சீட்டு தொங்குகிறது.

உங்கள் அலுமினியத் தகடு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. 109-ன் வால்பக்க உடலுக்குத் தனியாக வளையங்கள் செய்து உள்ளே வைப்பதற்குப் பதிலாக, ஒன்று விட்டு ஒரு தகட்டின் விளிம்பை உள்ளே மடித்து அதையே வளையமாக்கினார்கள். நீங்கள் சொன்ன வெட்டுகள், நீளவாட்டில் ஓடும் விறைப்புப் பட்டைகள் நுழைவதற்கானவை. வெளிர்நீலமும் பொருந்துகிறது: 1940-ல் 109-களின் பக்கவாட்டிலும் அடிப்பக்க நீலத்தை மேலே ஏற்றி அடித்திருந்தார்கள். என் கணிப்பு, மெஸ்ஸர்ஷ்மிட் 109 ஈ. மடிப்பின் படத்தைப் பக்கவாட்டில் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டு உறுதியாகச் சொல்கிறேன்.

பெர்லின் தமிழன்:

நானும் 109 என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எந்த 109 என்பது இந்தத் துண்டுகளில் இல்லை, அந்த வயலில் இருக்கிறது. பண்ணையின் பெயரையும், பெரியவருக்கு நினைவிருந்தால் மாதத்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விழுந்த ஜெர்மன் விமானங்களைப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதவே பிரிட்டிஷ் விமானப்படையில் ஏ.ஐ.1(ஜி) என்ற உளவுப் பிரிவு இருந்தது. இன்ஜின், ஆயுதம், பெயர்த்தகட்டு எண் வரை குறித்துவைத்தார்கள். அந்த அறிக்கைகள் லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்திலேயே ஹாக்கிஞ்சில் கென்ட் பேட்டில் ஆஃப் பிரிட்டன் அருங்காட்சியகமும் இருக்கிறது. துண்டுகளை நேரில் காட்டுங்கள்.

மெட்டல் டிடெக்டரோடு அந்த வயலுக்கு மட்டும் போய்விடாதீர்கள். 1986-ல் வந்த சட்டப்படி, ராணுவப் பணியில் விழுந்த எந்த விமானத்தின் சிதைவையும் பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டக் கூடாது, எந்த நாட்டு விமானமானாலும் சரி. விமானியின் உடல் இன்னும் அங்கேயே புதைந்திருக்கலாம். அப்படி இல்லையென்றால், ஸ்டாஃபோர்ட்ஷயரில் கேனக் சேஸ் என்ற இடத்தில் ஜெர்மன் ராணுவ இடுகாடு இருக்கிறது. இரண்டு போர்களிலும் இறந்த ஏறக்குறைய 5,000 பேர் அங்கே இருக்கிறார்கள். தேதியும் ஊரும் பொருந்தினால், பெரியவர் கேட்கும் பெயர் அங்கே ஒரு கல்லில் இருக்கலாம்.

மெட்வே வாசி:

பண்ணையின் பெயர் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹாப்ஸ் (பீருக்குச் சேர்க்கும் பூ) பறிப்பு நடந்துகொண்டிருந்தபோது விழுந்தது என்கிறார். அப்படியானால் செப்டம்பராக இருக்க வேண்டும். கியூவில் எந்தத் தொகுப்பைக் கேட்க வேண்டும் என்று அங்கேயே விசாரிக்கிறேன். மடிப்பின் படம் இன்று இரவு போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள் ஃபிட்டர் அண்ணா.