மறு: இசைக்கவை, சுருதி, அப்புறம் அந்த மூன்றாவது சொல்

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்கான ஒலியியல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டியூனிங் ஃபோர்க் (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இருபுய எஃகுக் கருவி), பிட்ச் (ஒலியின் உயர்வு தாழ்வு), கான்சர்ட் பிட்ச் (எல்லாக் கருவிகளையும் சேர்க்கப் பொதுவாக ஒப்புக்கொண்ட சுருதி அளவு) என்று மூன்றுக்குத் தமிழ் கேட்டிருந்தேன். வந்த மடல்களில் பெரும்பகுதி முதல் சொல்லோடு நின்றுவிட்டது. உண்மையில் நம்மிடம் இல்லாதது மூன்றாவதுதான்.

முதல் சொல்லை விரைவாக முடித்துவிடலாம். பாடநூலில் இசைக்கவை நெடுங்காலமாக இருக்கிறது, பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள். தேவிபட்டினம் புலவர் ஐயா கவை, கவடு, கவட்டை, கவர்வழி என்று தொடங்கி, சங்கப் பாட்டில் 'கவலை' பிரிந்து போகும் பாதையையும் குறிக்கும் என்பது வரை எழுதினார். குறுந்தொகையில் வரும் 'கவைமக'வையும் எடுத்துக்காட்டினார். அதற்கு இரட்டைப் பிள்ளைகள் என்று பொருள் கொள்வார்கள். கலைச்சொல்லுக்கு இத்தனை தூரம் தேவையில்லை என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். எனக்கு அது வீண் என்று தோன்றவில்லை. இசைக்கவையின் இரு புயங்களும் இரட்டையர்தான்: விலகும்போது இரண்டும் விலகும், நெருங்கும்போது இரண்டும் நெருங்கும். எதிரெதிர்த் திசையில் அசைவதால் காம்புக்கு வரும் அசைவு மிகக் குறைவு. அதனால்தான் காம்பைக் கையில் பிடித்தாலும் ஒலி அடங்கிவிடுவதில்லை. அந்தக் காம்பும் மேலும் கீழுமாகத் துளி அசைகிறது. மேசையில் ஊன்றினால் மேசைப்பலகை முழங்குவது அதனால்தான். கவை என்ற பகுதி இந்தக் கருவியின் உயிரையே சொல்கிறது, அதை விடக்கூடாது.

மருத்துவரான உறுப்பினர் 'அதிர்கவை' என்றார். செவித்திறன் பார்க்க 512 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 512 அதிர்வு) கவை, நீரிழிவு நோயாளியின் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க 128 ஹெர்ட்ஸ் கவை. அங்கே இசை எங்கே வந்தது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனாலும் ஊன்றிவிட்ட சொல்லைப் பிடுங்க இது போதாது.

இரண்டாவது சொல், சுருதி. அது வடசொல், 'கேட்கப்படுவது' என்ற பொருளில் 'கேள்வி' என்றே ஆளலாம் என்கிறார் ஐயா. ஐயா, வகுப்பில் 'கேள்வி உயர்கிறது' என்று எழுதினால் பிள்ளைகள் வினாத்தாளைத்தான் நினைப்பார்கள். ராமேஸ்வரம் தொடங்கித் தொண்டி வரை எந்தத் திருவிழாவில் நின்று கேட்டாலும் நாகசுரக்காரர் 'சுருதி சேர்ந்திருக்கா' என்றுதான் கேட்கிறார். வாழ்கிற சொல், இருக்கட்டும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நம் இசையில் 'ச' எந்த அதிர்வெண்ணுக்கும் கட்டுப்பட்டதில்லை. பாடுகிறவர் தன் குரலுக்கு ஏற்ற இடத்தில் அதை வைத்துக்கொள்கிறார். ஆர்மோனியக் கட்டையின் எண்ணை வைத்து அந்த இடத்தைச் சொல்வது வழக்கம்: ஆண் பாடகர் ஒரு கட்டையில் பாடுவார், பெண் பாடகர் ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்பார். மற்றவர்கள் அதற்குச் சேர்ந்துகொள்வார்கள். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் குழல்வழி யாழ் நின்றது, யாழ்வழித் தண்ணுமை நின்றது என்று வருவதும் இந்த ஒழுங்குதான். குழலின் துளையை மாற்ற முடியாது, யாழின் நரம்பை முறுக்கலாம், ஆகவே குழல் முன்னே நிற்கிறது. அது ஓர் அரங்கின் உடன்பாடு. அடுத்த அரங்கில் வேறு குழல் இருக்கலாம்.

ஐரோப்பாவில் நடந்தது வேறு. லண்டன் எக்காளக் கலைஞர் ஜான் ஷோர் இசைக்கவையைச் செய்தது 1711இல். கருவி வந்ததும் சுருதி ஒன்றாகிவிடவில்லை. இசையமைப்பாளர் ஹேண்டல் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் கவை, மேலை இசையின் 'A' சுரத்தை 422.5 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஊருக்கு ஊர் வேறு அளவு. வாத்தியக் குழுக்கள் பளிச்சென்று கேட்கவேண்டும் என்று ஏற்றிக்கொண்டே போனதில் பாடகர்களின் தொண்டை தவித்தது. 1859இல் பிரான்ஸ் அரசு அந்த 'A'வுக்கு 435 என்று ஆணையிட்டது, அதுவும் 15 டிகிரி வெப்பநிலையில் என்ற நிபந்தனையோடு. 1939இல் லண்டனில் கூடிய பன்னாட்டு மாநாடு 440 என்றது. 1955இல் அது பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் பரிந்துரையும் ஆனது.

அந்த 15 டிகிரியைக் கையேட்டில் விடாமல் எழுதியிருக்கிறேன். நம் கடற்கரை வெயிலில் எஃகுக் கவையின் அதிர்வெண் இம்மியளவு இறங்கும். அதே வெயிலில் நாகசுரத்தின் சுருதி ஏறும், ஏனென்றால் சூடான காற்றில் ஒலி வேகமாக ஓடுகிறது. இரண்டையும் காலையிலும் உச்சிவெயிலிலும் ஒப்பிட்டுப் பார்ப்பது பிள்ளைகளுக்கு அருமையான சோதனை.

நமக்கு இந்தப் பொது அளவு வந்தது ஆர்மோனியத்தின் வழியாக. 'கட்டை' என்பதே அதன் கட்டைதானே. இன்றைய சுருதிப் பெட்டியில் ஒரு கட்டை என்றால் 261.6 ஹெர்ட்ஸ். அது 'A' 440 என்பதிலிருந்து 'C' சுரத்துக்குக் கணக்கிட்ட எண். ஆனால் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் கவையில் 256 என்று பொறித்திருக்கும். இரண்டை எட்டு முறை பெருக்கினால் வரும் எண் (இரண்டின் எட்டாம் அடுக்கு) என்பதால் கணக்குக்கு வசதியான எண், அவ்வளவே. இரண்டையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் நொடிக்கு ஐந்தாறு விம்மல்கள் (ஒலி கூடிக் குறையும் துடிப்புகள்) கேட்கும். எது சரி என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் சரிதான், எதை எல்லோரும் பொதுவாக ஒப்புக்கொண்டோம் என்பதுதான் விஷயம். அந்த ஒப்புதலைச் சொல்ல வெறும் 'சுருதி' போதாது. மானாமதுரை அக்கா எழுதியதும் இதற்கு வலு சேர்க்கிறது. கடத்தைச் சூளையில் சுட்டு எடுத்தபின் அதன் சுருதியைப் பெரிதாக மாற்ற வழியில்லை. ஆகவே வாங்க வருகிறவர் கட்டை சொல்லித்தான் கேட்கிறார். செய்கிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் நடுவில் அந்தப் பொது அளவு இல்லாவிட்டால் வியாபாரமே நடக்காது.

சரி, என்ன சொல்? 'திட்டச் சுருதி' என்றார் ஒருவர், இந்தியத் திட்ட நேரம் போல. இலக்கணம் ஒத்துவருகிறது, ஆனால் பேச்சில் திட்டம் என்றால் அரசுத் திட்டம்தான். இலங்கையில் படித்து மண்டபம் வந்த சகோதரி 'நியமச் சுருதி' என்றார். அங்கே அதிர்வெண்ணும் 'மீடிறன்' ஆகிவிடும். மீடிறன் அழகான சொல் என்பதில் எனக்கு இரண்டு கருத்தில்லை, ஆனால் நியமம் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பூசை நியமமாகத்தான் படும்.

நான் நிற்பது 'கட்டளைச் சுருதி' பக்கம். பொன்னை உரைத்துப் பார்ப்பது கட்டளைக்கல். செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்று பெயர். எதை வைத்து மற்றதைச் சரிபார்க்கிறோமோ அது கட்டளை. அந்தப் பழைய பொருளைப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கொடுக்க இது ஒரு வாய்ப்பு.

பாம்பன் தம்பி இதை ஏற்கவில்லை. ராமேஸ்வரம் தீவில் கட்டளை என்றால் கோயிலுக்கு எழுதிவைத்த கட்டளைதான், அதைவிட்டால் அதிகாரி போடும் கட்டளை, சுருதிக்கு யார் ஆணையிடுவது என்கிறார். பிரான்ஸில் ஆணையிட்டுத்தானே செய்தார்கள் தம்பி என்று எழுதினேன். அது அவர்கள் சுருதி, நம்முடையதற்கு அந்தப் பெயர் ஏன் என்று உடனே பதில் வந்தது. 'பொதுச் சுருதி' போதும் என்கிறார். எளிமையான சொல்தான், ஆனால் ஓர் அரங்கில் எல்லோரும் சேர்ந்துகொள்ளும் சுருதியும் பொதுச் சுருதிதானே? நாம் பிரிக்க நினைக்கும் இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும்.

பெரும்பான்மை இப்போது கட்டளைச் சுருதி பக்கம் சாய்ந்திருக்கிறது, பாதிப் பேர் களைத்துப்போய்ச் சம்மதித்தவர்கள் என்றாலும். பாடத்தில் அதையே போட்டிருக்கிறேன். சொல்லடைவில் திட்டச் சுருதியும் பொதுச் சுருதியும் பக்கத்திலேயே இருக்கும். புலவர் ஐயா 'கேள்வி'யை விடமாட்டேன் என்கிறார், அதையும் சுருதிக்கு எதிரே சேர்த்துவிட்டேன். பாம்பன் தம்பி வேறு சொல் அனுப்புவதாக இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்பட்டும், பக்கத்தைத் திறந்தே வைத்திருப்பேன்.