ஒன்றரை லட்சத்தில் பழைய சமையலறையைப் புதுப்பிக்க முடியுமா? எதை முதலில் செய்வது?

கேள்வி: வைகைக்கரை

மதுரையில் 1994-ஆம் ஆண்டு கட்டப்பட்ட எங்கள் வீட்டின் சமையலறையைப் பொங்கலுக்குள் புதுப்பிக்க எண்ணியிருக்கிறோம். அறை பத்தடிக்கு எட்டடி, உயரம் பத்தடி. கிழக்குச் சுவரையும் தெற்குச் சுவரையும் ஒட்டி 'எல்' வடிவில் கடப்பா கல் மேடை இருக்கிறது. அடுப்பு தென்கிழக்கு மூலையிலும் பாத்திரம் கழுவும் தொட்டி வடகிழக்கிலும் உள்ளன. தொட்டியை ஒட்டிய வடக்குச் சுவர் எப்போதும் ஈரமாகவே இருப்பதால், அதன் மறுபுறமுள்ள பூசையறையில் பூச்சு பொரிந்து உதிர்கிறது. சிமெண்ட் அலமாரிகளுக்கும் பரணுக்கும் கதவு இல்லை.

வீட்டில் நான், கணவர், இரு பிள்ளைகள், மூட்டுவலியுள்ள மாமியார் என ஐந்து பேர். மாடுலர் கடை (ஆயத்த அலமாரிப் பெட்டிகளால் சமையலறை அமைத்துத் தரும் கடை) ஒன்றில் விசாரித்தபோது, தொட்டியை இடம் மாற்றி, புகைபோக்கி வைத்து, எல்லாவற்றுக்கும் கதவு போட்டுத் தர மூன்றரை லட்சம் கேட்டார்கள். எங்களிடம் இருப்பது ஒன்றரை லட்சம். கடன் வாங்க விருப்பமில்லை. மேடையை உடைக்கத்தான் வேண்டுமா, புகைபோக்கி அவசியமா, கதவுகளுக்கு எந்தப் பொருள் ஏற்றது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: செங்கல்

வணக்கம் சகோதரி. வீடு கட்டும் பணிகளை மேற்பார்வை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தொகை போதும். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கு முதலிலும், கண்ணுக்குத் தெரியும் வேலைகளுக்குப் பிறகும் போக வேண்டும். சுவருக்குள் கசியும் குழாயை அப்படியே விட்டுவிட்டு அழகான கதவைப் போட்டால், அந்தக் கதவையும் சேர்த்து இழக்க நேரிடும்.

தொட்டியையும் அடுப்பையும் இடம் மாற்ற வேண்டாம். மாற்றினால் தரையை உடைத்துக் கழிவுநீர்க் குழாய்க்குப் புதிதாக வாட்டம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு முடிவே செலவை ஏற்றிவிடும். அடுப்பு ஏற்கெனவே அக்கினி மூலையில் இருப்பதால் பெரியவர்களும் மறுக்க மாட்டார்கள்.

முப்பது ஆண்டுப் பழைய வீடு என்பதால் தண்ணீர்க் குழாய் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது உள்ளே துருப்பிடித்துக் கசிவதே ஈரத்துக்குக் காரணமாக இருக்கலாம். தொட்டியின் கழிவுக் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் இணைப்பு விட்டிருக்கவும் கூடும். தொட்டிக்கு வரும் தண்ணீரை ஓரிரு நாள் அடைத்து வைத்து, ஈரம் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் குற்றம் பெரும்பாலும் தண்ணீர்க் குழாயில். தொட்டியைப் பயன்படுத்தும்போது மட்டும் ஈரம் கூடினால் கழிவுக் குழாயில். எப்படியிருந்தாலும் இரண்டையும் இப்போதே மாற்றிவிடுவது நல்லது. தண்ணீருக்கு சி.பி.வி.சி. (சூடு தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் போட்டால், பின்னாளில் வெந்நீர் இணைப்புக் கொடுத்தாலும் தாங்கும். சுவர் ஓடு (டைல்ஸ்) ஒட்டுவதற்கு முன்பு எல்லா முனைகளையும் அடைத்து, குழாயில் அழுத்தம் ஏற்றி, ஓர் இரவு முழுவதும் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடுகிறார்கள். நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

பூசையறைச் சுவரில் ஈரம் தெரியும் எல்லைக்கு ஓரடி மேல்வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் நன்றாகக் காயும்வரை வாரக் கணக்கில் விட்ட பிறகே மறுபூச்சு பூச வேண்டும். உப்புப் பூத்த சுவரின் மேல் எந்த விலையுயர்ந்த பெயிண்டும் நிற்காது.

அடுத்தது மின்சாரம். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு ஒன்றே ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். அதோடு 1500 வாட் கெட்டிலும் ஓடினால் 15 ஆம்பியரைத் தொட்டுவிடும். 1994-இல் மிக்சிக்கும் விளக்குக்கும் இழுத்த கம்பி இதைத் தாங்காது. சமையலறைக்கென்று மின்பெட்டியிலிருந்து தனி இணைப்பாக 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி இழுத்து, இரண்டு 16 ஆம்பியர் பிளக்குகளும் மிக்சி, கிரைண்டருக்குத் தனிப் பிளக்குகளும் வையுங்கள். ஈரக் கையோடு புழங்கும் இடம் என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம் வேண்டும், அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

புகைபோக்கி இப்போது வேண்டாம். உங்கள் அறையின் கொள்ளளவு 800 கன அடி. மணிக்கு இருபது முறை காற்று மாற வேண்டுமென்றால் 16,000 கன அடி, அதாவது ஏறத்தாழ 450 கன மீட்டர் காற்று வெளியேற வேண்டும். அடுப்புக்கு மேலே வெளிச்சுவரில் வைக்கும் நல்ல எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று அதைச் செய்துவிடும்; வாங்கும்போது பெட்டியில் அச்சிட்டுள்ள காற்று வெளியேற்ற அளவைப் பார்த்து வாங்குங்கள். பின்னாளில் புகைபோக்கி வைக்க விரும்பினால் ஆறு அங்குலக் குழாய் போகும் துளையை இப்போதே விட்டு, மூடி வைக்கலாம்.

நான் தொகையைப் பிரிப்பதானால் உடைப்பு, குழாய், கம்பி, பூச்சு, கூலி ஆகியவற்றுக்கு 60,000, கிரானைட், தொட்டி, சுவர் ஓட்டுக்கு 45,000, கதவுக்கு 25,000 என்று வைத்து, மீதி 20,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருப்பேன். பழைய சுவரை உடைத்தால் எதிர்பாராத ஒன்றாவது வெளிப்படும். அந்தத் தொகை அதற்குத்தான்.

மறுமொழி: அடுக்களை

தங்கைக்கு வணக்கம். கணக்குகளைத் தம்பி சொல்லிவிட்டார். சமைப்பவரின் உடம்பைப் பற்றி நான் சொல்கிறேன். மேடையின் உயரத்தைக் கடைக்காரரோ கொத்தனாரோ முடிவு செய்ய விடாதீர்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, அந்த உயரத்திலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே காய் நறுக்கும் மேடை அமைய வேண்டும். அடுப்பு மேடையின் மேல் உட்கார்ந்து பாத்திரத்தை இன்னும் உயர்த்துவதால், அடுப்பு இருக்கும் பக்கம் சற்றுத் தாழ்வாக இருப்பதே தோளுக்கு நல்லது. இரண்டுக்கும் பொதுவாக 32 முதல் 34 அங்குலம் பெரும்பாலான பெண்களுக்கு ஒத்துவரும். மேடைக்கு அடியில் கால்விரல் நுழைய மூன்று அங்குல இடம் விடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் முதுகை வளைத்தே நிற்க வேண்டியிருக்கும்.

மூட்டுவலியுள்ள மாமியார் அரிவாள்மணையோடு தரையில் உட்கார முடியாது. தெற்கு மேடையின் முனையில் இரண்டடி அகலத்துக்கு அடியில் எதையும் கட்டாமல் திறந்து விட்டு, அவர் உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுங்கள். காய் நறுக்கவும் கீரை ஆயவும் அவருக்கு அது சொந்த இடமாக இருக்கும். கிரைண்டரை மேடையில் தூக்கி வைத்து எடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒன்றரை அடி உயரத்தில் அதற்கென்று ஒரு சிறு திண்டு கட்டி, பக்கத்திலேயே பிளக்கும் வைத்தால் தூக்கும் வேலையே இல்லை.

அன்றாடம் எடுக்கும் பருப்பும் புளியும் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கட்டும். ஆண்டுக்கு இருமுறை இறக்கும் அண்டாவுக்கும் இட்லிக் கொப்பரைக்கும் பரண் போதும்.

மறுமொழி: தச்சுப்பட்டறை

கதவுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்களுக்குச் சிமெண்ட் அலமாரி இருப்பதால் பெட்டி செய்யத் தேவையில்லை. சட்டமும் கதவும் போதும். மாடுலர் விலையில் பெரும்பகுதி அந்தப் பெட்டிகளுக்கானதே. தொட்டிக்கு அடியில் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகைகள்) இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்; தண்ணீர் பட்டால் ஊதிவிடும். பிளைவுட் போடுவதானால் ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரையுள்ளதை வாங்குங்கள். ஐ.எஸ். 303 முத்திரையில் தண்ணீரை நன்றாகத் தாங்கும் வகையும் லேசான ஈரத்தை மட்டும் தாங்கும் வகையும் இருப்பதால், எந்த வகை என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

உங்கள் தொகைக்கு என் பரிந்துரை அலுமினியச் சட்டத்தில் ஏ.சி.பி. தகடு (இருபுறமும் அலுமினியமும் நடுவில் பிளாஸ்டிக்கும் உள்ள பலகை) பொருத்திய கதவுதான். கரையான் அரிக்காது, ஈரத்தில் ஊதாது. பி.வி.சி. கதவு இன்னும் மலிவு என்றாலும் அடுப்பின் வெப்பத்துக்கு வளைந்துவிடும் என்பதால் அந்தப் பக்கம் வேண்டாம். இப்போது மேடைக்கு அடியிலுள்ளவற்றுக்கு மட்டும் கதவு போட்டு, பரண் கதவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பதில் தவறில்லை. கீல்களை மட்டும் தரமானதாக வாங்குங்கள். கதவுக்கு முன்பே பழுதாவது கீல்தான்.

மறுமொழி: நீலச்சுடர்

கதவு போடும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே சிலிண்டரை மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்கவும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கவும், தரைமட்டத்தில் காற்று வெளியேற வழி இருக்கவும் வேண்டும். ரப்பர்க் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. ஐந்தாண்டு ஆகியிருந்தால் இந்த வேலையோடு மாற்றிவிடுங்கள்.

வைகைக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தண்ணீரை இரண்டு நாள் அடைத்துப் பார்த்ததில் சுவரின் ஈரம் வெகுவாகக் குறைந்தது; குழாயை முழுவதும் மாற்ற முடிவு செய்துவிட்டோம். இன்னும் ஒரே ஒரு ஐயம் இருக்கிறது. இப்போதைய மேடை 30 அங்குல உயரம். எனக்கு 33 சரியாக இருக்கிறது. கடப்பாவின் மேலேயே கிரானைட்டை ஒட்டிவிடலாம், உடைப்புச் செலவு மிச்சம் என்று கொத்தனார் சொல்கிறார். செய்யலாமா?

மறுமொழி: செங்கல்

கல் ஆடாமல் இருந்தால் மேலே ஒட்டலாம்தான்; ஆனால் உயரம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் கூடும். உங்களுக்கு வேண்டியது மூன்று அங்குலம். அதனால் கடப்பாவை உடைக்காமல் நெம்பி எடுக்கச் சொல்லி, அடியிலுள்ள தாங்கு சுவர்களின் மேல் ஒரு வரிசைச் செங்கல் வைத்து, அதன் மேல் கிரானைட்டைப் பதியுங்கள். உயரம் 33-க்கு வந்துவிடும்; தொட்டியைச் சுற்றியுள்ள விளிம்பையும் புதிதாக அடைத்துக்கொள்ளலாம்.

இரண்டடி அகல மேடைக்குக் கிழக்கில் 20, தெற்கில் 12 என மொத்தம் 32 சதுர அடி கல் போதும். இவ்வளவு சிறிய அளவுக்குக் கிரானைட் கடைகளில் பெரிய வேலைகளில் மிஞ்சிய துண்டுகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கறுப்புக் கல் என்றால் இணைப்பும் தெரியாது. கடப்பா சுண்ணாம்புக் கல் என்பதால் புளியும் எலுமிச்சையும் பட்டு மேல்பக்கம் வெளுத்திருக்கும். அதைத் தூக்கி எறியாமல் திருப்பிப் போட்டு, கிரைண்டர் திண்டுக்கும் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டுகளுக்கும் பயன்படுத்துங்கள். கிரானைட் பதித்த பிறகே சுவர் ஓட்டை ஒட்ட வேண்டும். ஓட்டின் அடிவிளிம்பு கல்லின் மேல் உட்கார்ந்தால்தான் தண்ணீர் பின்னால் இறங்காது. தொட்டிக்குப் பின்புறமும் அடுப்புக்குப் பின்புறமும் மட்டும் ஓட்டு இடுக்குகளில் எபாக்சி கிரௌட் (தண்ணீர் ஊறாத பிசின் சாந்து) போடச் சொல்லுங்கள். மற்ற இடங்களுக்குச் சாதாரண கிரௌட் போதும்.