30 கிரெடிட் விவசாய முதுமாணி போதுமா, ஆய்வோடு 60 எடுக்க வேண்டுமா?

செம்மண்:
நான்கு வருட விவசாயப் பட்டத்தோடு மாகாணத் திணைக்களத்திலோ, வங்கியிலோ, உரக் கம்பனியிலோ வேலை பார்ப்பவர் பட்டப்பின்படிப்புக்குப் போக நினைத்தால், பாடநெறி மூலமான ஒரு வருட முதுமாணிதான் அவருக்குப் பொருந்தும் என்பது என் கட்சி. ஆய்வேடு இல்லாத முதுமாணி அரைப் பட்டம் என்று பலரும் சொல்வதைக் கேட்டுவிட்டு, வேலையில் இருப்பவர்கள் இரண்டு வருடப் படிப்பில் பதிந்து இடையில் நின்றுபோகிறார்கள்.

பட்டங்களைத் தரப்படுத்தும் இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் மட்டம் 9 என்பது 30 கிரெடிட் கொண்ட பாடநெறி முதுமாணி. மட்டம் 10 என்பது 60 கிரெடிட். அதில் ஆகக் குறைந்தது 15 கிரெடிட் ஆய்வு. முதுதத்துவமாணி மட்டம் 11, கலாநிதி மட்டம் 12. பாடங்களுக்கு ஒரு கிரெடிட் என்றால் 50 மணிநேர உழைப்பு. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைத் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே 30 கிரெடிட்டுக்கு 1,500 மணிநேரம், கிழமைக்கு ஏறக்குறைய 29. ஆய்வில் ஒரு கிரெடிட்டுக்கு 100 மணிநேரம். 15 கிரெடிட் ஆய்வு மட்டுமே இன்னொரு 1,500 மணிநேரத்தைத் தின்னும். வயலுக்கும் அலுவலகத்துக்கும் ஓடுகிறவருக்கு அந்த நேரம் எங்கே இருக்கிறது?

வன்னிக்குளம்:
கணக்கு சரி, முடிவு பிழை. பதிய முதல் “இந்தப் பட்டத்தை யாரிடம் காட்டப் போகிறேன்?” என்று கேட்க வேண்டும். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியில் நிரந்தரமாக வேண்டுமானால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 721ஆம் இலக்கச் சுற்றறிக்கை கேட்பது இரண்டு கல்வியாண்டு முழுநேரப் படிப்பை, அல்லது அதற்குச் சமமான பகுதிநேரப் படிப்பை. அதிலும் ஆய்வேட்டு வடிவில் ஆய்வு இருக்க வேண்டும். மட்டம் 9 சான்றிதழ் அந்தக் கதவைத் திறக்காது. பிறகு யோசித்து ஆய்வு சேர்க்கப் போனால் மேற்பார்வையாளர், ஆய்வு முன்மொழிவு, பதிவு எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

வெளிநாடு போக நினைப்பவருக்கும் இதே சிக்கல். அவுஸ்திரேலியச் சட்டகத்தில் பாடநெறி முதுமாணியும் ஆய்வு முதுமாணியும் இரண்டுமே மட்டம் 9. அங்கேயும் 9, இங்கேயும் 9 என்று ஒப்பிட்டு ஏமாறக்கூடாது. கலாநிதிப் படிப்புக்கு எடுக்கும்போது அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் பார்ப்பது முந்தைய பட்டத்தில் ஆய்வு எவ்வளவு என்பதை. இலக்கத்தைப் பார்ப்பதில்லை.

செம்மண்:
விரிவுரையாளர் ஆக விரும்புகிறவர் ஆய்வு செய்யட்டும். அதில் எனக்கு விவாதமே இல்லை. நான் பேசுவது விரிவாக்கத்தில், அதாவது விவசாயிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவரைப் பற்றி. அவருக்குத் தேவை கணக்குப் போடத் தெரிந்த தலை.

2021ஐ நினைத்துப் பாருங்கள். இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து, அதே வருடம் நவம்பரில் தளர்த்தினார்கள். இடைப்பட்ட மாதங்களில் “கூட்டெரு போட்டால் போதுமா?” என்று விவசாயி கேட்டபோது இலக்கத்தோடு பதில் சொல்லக் கூடியவர் எத்தனை பேர் இருந்தார்கள்? கணக்கு இப்படி: ஒரு தொன் நெல்லுக்குப் பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசன் எடுக்கும். ஹெக்டேருக்கு 5 தொன் விளைச்சல் என்றால் 75 முதல் 100 கிலோ. 10 தொன் கூட்டெரு, ஈரம் 35 சதவீதம் என்றால் உலர் எடை 6.5 தொன். நைதரசன் 1.2 சதவீதம் என்று வைத்தால் மொத்தம் 78 கிலோ. இந்த இடத்தில்தான் பலர் நின்றுவிட்டு “சரியாக வருகிறதே” என்றார்கள். அந்த 78 கிலோவில் முதல் போகத்திலேயே பயிருக்குக் கிடைக்கும் நிலைக்கு மாறுவது பொதுவாக 10 முதல் 20 சதவீதம், அதாவது 8 முதல் 16 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் இருப்பதால், 10 தொன் எரு அந்தப் போகத்துக்குக் கொடுத்தது அதிகம் போனால் 35 கிலோ யூரியாவுக்குச் சமம்.

இதற்கு ஆய்வேடு தேவையில்லை. மண் வளப் பாடம் ஒன்றை ஒழுங்காகப் படித்திருந்தால் போதும்.

வன்னிக்குளம்:
நல்ல உதாரணம் எடுத்தீர்கள் அண்ணை, ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. 10 முதல் 20 சதவீதம் என்ற இலக்கம் எங்கிருந்து வந்தது? பாடப் புத்தகத்திலிருந்து. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மேலுள்ள சிவப்பு மண்ணிலும் வன்னியின் வயல் மண்ணிலும் அது ஒன்றாக இருக்காது. கூட்டெருவின் காபன்–நைதரசன் விகிதம் 20க்குக் கீழேயா, 30க்கு மேலேயா என்பதைப் பொறுத்து முதல் சில கிழமைகளில் அது நைதரசனைக் கொடுக்கவும் கூடும், மண்ணிலிருந்து இழுக்கவும் கூடும். பாடநெறி சூத்திரத்தைத் தரும். சூத்திரத்துக்குள் போட வேண்டிய உள்ளூர் இலக்கத்தைக் கண்டுபிடிக்கும் பழக்கம் ஆய்வில்தான் வரும். பேராதனை விவசாயப் பட்டப்பின்படிப்பு நிறுவகம் 1975இல் தொடங்கியது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் எங்கள் பகுதி மண்ணுக்கு வேறிடத்து இலக்கத்தைக் கடன் வாங்கித்தான் பேசுகிறோம் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பனங்கூடல்:
இரண்டு பேரும் விட்டுப்போன ஒன்று உண்டு. பாடநெறியில் எந்தப் பாடங்களைத் தெரிவு செய்கிறோம் என்பதுதான் அந்தப் பட்டம் உருப்படுமா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது. பரிசோதனை வடிவமைப்பும் புள்ளிவிபரமும் கஷ்டம் என்று ஒதுக்கி, முகாமைத்துவப் பாடங்களால் 30 கிரெடிட்டை நிரப்பினால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

திணைக்கள வயல் பரிசோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் பிழையைப் பாருங்கள். மூன்று பரிகரிப்பு (ஒப்பிடும் பசளை முறைகள்), மூன்று மீள்செய்கை (ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்திகளில் திரும்பச் செய்வது) வைத்து ஒரு பரிசோதனை போடுவார்கள். எழுமாற்றுத் தொகுதி அமைப்பில் வழுவின் சுயாதீனப் படி, அதாவது வழுவை மதிப்பிட மிஞ்சும் சுயாதீனத் தகவல்களின் எண்ணிக்கை, (3−1)×(3−1) = 4. அந்த நிலையில் 5 சதவீத மட்டத்துக்கான டி பெறுமானம், அதாவது வித்தியாசம் தற்செயல் இல்லை என்று சொல்லத் தாண்ட வேண்டிய எல்லை, 2.776. ஐந்து பரிகரிப்பு, நான்கு மீள்செய்கை என்றால் படி 12, டி 2.179. படி 4 ஆக இருக்கும்போது உண்மையான வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தாலும் கணக்கில் தெரியாது. பிறகு “பசளையில் வித்தியாசமில்லை” என்று அறிக்கை போகும். குறை பசளையிலா? இல்லை, வடிவமைப்பில்.

இன்னொன்று: ஒரு பாத்தியிலிருந்து பத்துச் செடி பிடுங்கி அளந்துவிட்டுப் பத்து மீள்செய்கை என்று எழுதுவது. அது ஒரு மீள்செய்கைதான். பத்துச் செடியின் சராசரி அந்தப் பாத்தியின் ஒரே பெறுமானம்.

விளைச்சல் சொல்லும்போது ஈரத்தைத் திருத்தாமல் விடுவதும் உண்டு. 10 சதுர மீற்றரில் 4.2 கிலோ நெல், ஈரம் 20 சதவீதம் என்றால் 14 சதவீத ஈரத்துக்கு 4.2 × 80 ÷ 86, அதாவது 3.9 கிலோ. ஹெக்டேருக்கு 4.2 தொன் இல்லை, 3.9 தொன். ஒரு பரிகரிப்பு மற்றதைவிட ஐந்து நாள் பிந்தி முற்றினால், இந்தத் திருத்தம் இல்லாமல் எது நல்லது என்பதே தலைகீழாகிவிடும்.

செம்மண்:
பனங்கூடல் சொன்ன எல்லாம் பாடநெறிக்குள்ளேயே கற்பிக்கப்படுபவை. நன்றி.

வன்னிக்குளத்துக்கு: உள்ளூர் இலக்கம் வேண்டும் என்பது நியாயம். ஆனால் வயல் பரிசோதனை மழையோடு கட்டப்பட்டது. பெரும்போக விதைப்புக்கு ஒக்டோபர், நவம்பரை விட்டால் அடுத்த ஒக்டோபர்தான். முன்மொழிவு ஒரு மாதம் பிந்தினால் வேலை ஒரு வருடம் பிந்தும். ஒரு போகத் தரவை மட்டும் வைத்து எழுதினால் பரீட்சகர் “இரண்டாவது போகம் எங்கே?” என்பார். இதற்கிடையில் இடமாற்றம் வந்தால்? யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ஏ9 வீதியில் 321 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி ஞாயிறு வகுப்பு இருந்து, திங்கள் விடிய வேலைக்கு வருகிறவரிடம் இதையும் சேர்த்துக் கேட்கக் கூடாது.

வன்னிக்குளம்:
ஆய்வு என்றால் வயல் பரிசோதனை என்று யார் சொன்னது? உங்கள் கூட்டெருக் கேள்வியையே அடைகாப்புப் பரிசோதனையாக, அதாவது மண்ணையும் எருவையும் போத்தலில் கலந்து ஆய்வுகூடத்தில் வைத்து அளப்பதாகச் செய்யலாம். மழையைப் பார்த்திருக்கத் தேவையில்லை. எருவில்லாத மண், இரண்டு வகைக் கூட்டெரு என்று மூன்று பரிகரிப்பு. நான்கு மீள்செய்கை. 0, 7, 14, 28, 56, 84ஆம் நாட்களில் ஆறு அளவீடு. ஒவ்வொரு அளவீட்டிலும் ஒரு தொகுதி போத்தலை முழுதாக எடுத்துவிட வேண்டும், ஆகவே 3 × 4 × 6 = 72 போத்தல். போத்தலுக்கு 100 கிராம் மண், நீர்ப்பிடிப்புக் கொள்ளளவின் 60 சதவீத ஈரம். கிழமைக்கொரு தடவை எடை பார்த்துக் குறைந்த நீரை விட வேண்டும். 2 மோலர் பொற்றாசியம் குளோரைட்டால் பிரித்தெடுத்து அமோனியமும் நைத்திரேற்றும் அளக்க வேண்டும். எருவில்லாத போத்தலின் பெறுமானத்தைக் கழித்தால் எரு கொடுத்தது வந்துவிடும். அடைகாப்பு மூன்று மாதம்தான்.

பிழை வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். நெல் வயலுக்கு என்றால் மண் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். அந்த நிலையில் நைத்திரேற்று வாயுவாகிப் போய்விடும் என்பதால் அமோனியத்தைத்தான் அளக்க வேண்டும். தோட்ட மண்ணுக்குரிய முறையை அப்படியே வயல் மண்ணுக்குப் போட்டால் விடை அர்த்தமற்றது. எடுத்த மாதிரியை அன்றே பிரித்தெடுக்க முடியாவிட்டால் 4 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். மேசையில் கிடந்தால் நுண்ணுயிர் வேலையைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்பு மண்ணில் பொசுபரசும் பார்ப்பதானால் ஓல்சன் முறையில், பி.எச் 8.5 கொண்ட 0.5 மோலர் சோடியம் இருகாபனேற்றால், பிரித்தெடுக்க வேண்டும். பிரே முறையின் அமிலத்தை மண்ணிலுள்ள காபனேற்று நடுநிலையாக்கிவிடுவதால் பெறுமானம் பொய்யாகக் குறைந்து வரும்.

செம்மண்:
72 போத்தலை 84 நாள் பார்க்க ஆய்வுகூடம் வேண்டும் தம்பி. கிழமைக்கொரு தடவை நீர் விட ஆள் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடம் இருப்பதால் அப்பக்கத்தில் வேலை செய்பவருக்கு வழி கிடைக்கலாம்; மன்னாரிலோ முல்லைத்தீவின் உட்பகுதியிலோ இருப்பவருக்கு? ஆனாலும் பரிசோதனை மழையைப் பொறுத்தது என்று நான் சொன்னதை இந்த இடத்தில் திருத்திக்கொள்கிறேன். எல்லா ஆய்வும் அப்படியில்லை.

பனங்கூடல்:
வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மட்டம் 10இல் பதிந்து 30 கிரெடிட் பாடத்தோடு நிற்க வேண்டி வந்தால், சட்டகத்தின்படி மட்டம் 9 முதுமாணியோடு வெளியேற இடமுண்டு. 25 கிரெடிட்டுக்குப் பட்டப்பின் டிப்ளோமா, 20க்குப் பட்டப்பின் சான்றிதழ். ஆனால் சட்டகம் அனுமதிப்பது வேறு, நீங்கள் பதியும் நிறுவனத்தின் துணைவிதி வேறு. மூன்று விடயத்தை எழுத்தில் கேளுங்கள்: இடையில் வெளியேறலாமா, அதற்கு ஆகக் குறைந்த சராசரிப் புள்ளி எவ்வளவு, 9இலிருந்து 10க்கு மாறும் கடைசித் திகதி எது. வாய்ச்சொல்லாகச் சொல்லப்பட்டதை நம்பிக் கட்டணம் கட்ட வேண்டாம்.

பதவி உயர்வுக்காகப் படிப்பவர் தனது சேவையின் பிரமாணக் குறிப்பை (ஆட்சேர்ப்பு, பதவி உயர்வு விதிகளை) முதலில் வாசிக்க வேண்டும். அதில் “பட்டப்பின் பட்டம்” என்று மட்டும் இருக்கிறதா, துறை குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொடர்பில்லாத துறையில் முதுமாணி எடுத்துவிட்டுப் பிறகு முறையிடுவதில் பயனில்லை.

வன்னிக்குளம்:
அதை ஏற்கிறேன். இதையும் சேர்க்க வேண்டும்: மட்டம் 10இல் பதிகிறவர் மேற்பார்வையாளரை இரண்டாம் வருடம்வரை தேடாமல் விடக்கூடாது. முதல் அரையாண்டிலேயே இரண்டு பக்கக் குறிப்போடு போய்ச் சந்திக்க வேண்டும். என்ன கேள்வி, எந்த மண், எத்தனை பரிகரிப்பு, எத்தனை மீள்செய்கை, எந்த ஆய்வுகூடம், ஒரு மாதிரிக்கு என்ன செலவு. இந்த ஆறும் இல்லாமல் “இயற்கை விவசாயம் பற்றி ஏதாவது செய்ய விருப்பம்” என்று போகிறவரை யாரும் எடுக்க மாட்டார்கள்.

செம்மண்:
அந்த இரண்டு பக்கத்தை எழுத முடியாதவர் 30 கிரெடிட்டோடு நிற்கட்டும். எழுத முடிந்தவர் 60க்குப் போகட்டும். ஆனால் புள்ளிவிபரப் பாடத்தை இரண்டு பேரும் எடுக்க வேண்டும். அதில் பனங்கூடலோடு எனக்கு முழு உடன்பாடு.