பிளஸ் டூ நேரத்தில் தோழியைத் தள்ளி வைக்கச் சொல்கிறார்கள், சரியா?

மீனா_கரூர்:
மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஆறாவதிலிருந்து ஒரே தோழிதான். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு போன் வரும், பதினொன்று வரை போகும். பேசி முடித்துவிட்டு வரும்போது முகம் இருண்டிருக்கும், தூக்கமும் வருவதில்லை. டியூஷன் சார் "பரீட்சை முடியும்வரை அந்தப் பெண்ணோடு பேச்சே வேண்டாம்" என்கிறார். அப்பா போனைப் பிடுங்கி வைத்தார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இந்த வயதில் சிநேகிதம் டென்ஷனைக் குறைக்குமா, கூட்டுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

உயிரியல்_வாத்தியார்:
பிரிக்காதீர்கள் அம்மா. கனடாவில் மான்ட்ரியாலில் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 103 பேரை நான்கு நாட்கள் கவனித்தார்கள். ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு நாளில் பலமுறை எச்சில் எடுத்து கார்டிசால் அளந்தார்கள். அது அட்ரீனல் சுரப்பியிலிருந்து வருவது, உடம்பு பதற்றப்படும்போது ஏறும். கூடவே, சற்றுமுன் என்ன நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பிள்ளைகளையே எழுத வைத்தார்கள். மோசமாக ஏதாவது நடந்தபோது உற்ற நண்பர் பக்கத்தில் இல்லாவிட்டால் கார்டிசால் ஏறியது, தன்னைப் பற்றிய மதிப்பும் இறங்கியது. உற்ற நண்பர் உடன் இருந்தபோது அந்தப் பாதிப்பு பெரிதாக இல்லை. திட்டு விழும்போது பக்கத்தில் ஒரு தோள் இருந்தால் வரும் தெம்புதான். டியூஷன் சாருக்கு மார்க் தெரியும், இது தெரியாது.

கேள்வி_நாயகம்:
வாத்தியாரே, அது ஐந்தாம் வகுப்பு. இந்தப் பெண்ணுக்குப் பதினேழு. நடுவில் வயசுக்கு வருவது என்று ஒன்று இருக்கிறது, அதோடு இந்தக் கணக்கெல்லாம் மாறும்.

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மேகன் கன்னார் குழு பார்த்த சோதனையைச் சொல்கிறேன். ஜெர்மனியின் ட்ரியர் நகரத்தில் 1993இல் உருவான முறை அது. முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாத நடுவர்கள் முன்னால் நின்று பேச வேண்டும், அப்புறம் மனக்கணக்கு. நம்ம ஊர் வைவா மாதிரி. பேச்சைத் தயார் செய்யும்போது பெற்றோர் கூட இருந்தால் 9, 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கார்டிசால் ஏறுவது தணிந்தது. 15, 16 வயதுக்காரர்களிடம் அந்த வித்தை பலிக்கவில்லை. இது 2015. சரி, பெற்றோர் இடத்துக்கு நண்பர்கள் வந்திருப்பார்கள் என்று பார்த்தால், 2017இல் வந்த முடிவு நேர் எதிர். பதின்வயதினருக்கு, பெற்றோரோடு தயார் செய்ததைவிட நண்பரோடு தயார் செய்தபோதுதான் கார்டிசால் கூடுதலாக ஏறியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

உயிரியல்_வாத்தியார்:
வைவா என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். முன்பின் தெரியாத நடுவர்கள் எடைபோடும் இடம் அது. பதினைந்து வயதில் பக்கத்தில் இருக்கும் சிநேகிதியும் ஒரு நடுவர்தானே? "இவள் முன்னால் உளறிவிடக் கூடாது" என்ற பயம் சேர்ந்திருக்கும். இது என் ஊகம், நிரூபணம் இல்லை. ஆனால் மான்ட்ரியால் பிள்ளைகளை அளந்தது அவர்களுடைய அன்றாட வாழ்க்கையில். வகுப்பில் ஒதுக்கப்பட்டு வந்து பெஞ்சில் உட்காருவதும் நடுவர் முன் நிற்பதும் ஒன்றா?

ஹாஸ்டல்_பையன்:
நடுவே வருகிறேன், மன்னிக்கவும். இரண்டு வருஷம் விடுதியில் தங்கிப் படித்தவன். ரூம்மேட் இரண்டு பேர். ஒருவன் ரிவிஷன் டெஸ்டுக்கு முந்தைய ராத்திரி "மச்சி, இந்தச் சாப்டர் பாத்தியா? அதுல இருந்துதான் அஞ்சு மார்க் வரும்னு சொல்றாங்க" என்று ஆரம்பிப்பான். வயிற்றைக் கலக்கும். நல்லவன், கெட்ட எண்ணம் கிடையாது, இன்றைக்கும் நண்பன்தான். இன்னொருவன் வாயே திறக்க மாட்டான். "வா, டீ குடிச்சிட்டு வரலாம்" என்பான், அவ்வளவுதான். யாருடன் எனக்கு நெருக்கம் அதிகம் என்று கேட்டால் முதல் ஆள். யாரால் தூங்கினேன் என்றால் இரண்டாம் ஆள். அக்கா, உங்கள் மகளும் தோழியும் அந்த ஒன்றரை மணி நேரம் என்னதான் பேசுகிறார்கள்?

மீனா_கரூர்:
ஒட்டுக்கேட்பது தப்புதான், ஆனாலும் காதில் விழுகிறது தம்பி. பிசிக்ஸ் பேப்பர் கஷ்டமாக வந்தால் என்ன ஆவது. அப்புறம் வகுப்பில் ஒரு பெண் இவர்களை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட்டாளாம். பத்து நாளாக அதே கதை. அவள் ஏன் நீக்கினாள், யார் சொல்லி நீக்கினாள், நாளைக்குப் பார்த்தால் சிரிக்கலாமா கூடாதா.

ஆற்றுப்படுத்துநர்:
தம்பி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்து அமாண்டா ரோஸ் 2002இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். தமிழில் கூட்டுப் புலம்பல் எனலாம். ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்ப அலசுவது, இன்னும் என்னென்ன கெட்டது வரும் என்று அடுக்குவது, அந்த வருத்தத்திலேயே ஊறுவது. 2007இல் வெளியான தொடர் ஆய்வில் அவர் கண்டதுதான் விசித்திரம். இப்படிப் புலம்பும் பெண் பிள்ளைகளிடம் நட்பும் இறுகியது, மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளும் கூடின. ஆண் பிள்ளைகளிடம் நட்பு மட்டும் இறுகியது. அடுத்த வருடம் இளம்பெண் தோழிகளை வைத்து, அவரும் இருந்த ஒரு குழு செய்த சோதனையில் கூட்டுப் புலம்பலுக்குப் பிறகு கார்டிசாலும் ஏறியிருந்தது.

ஆகவே உங்கள் மகளின் முகம் இருள்வது நட்பு கெட்டது என்பதற்கு அடையாளம் இல்லை. நட்பு நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இருப்பதால்தான் இத்தனை ராத்திரி புலம்ப முடிகிறது.

கேள்வி_நாயகம்:
அப்படியானால் டியூஷன் சார் சொன்னது சரிதானே? புலம்பலை நிறுத்த போனை நிறுத்து.

ஆற்றுப்படுத்துநர்:
இல்லை ஐயா. போனைப் பிடுங்கிய இரண்டு நாள் அந்தப் பெண் சாப்பிடவில்லை என்பதைப் பார்த்தீர்களா? பேச்சை மட்டுமா நிறுத்தினார்கள், ஆளையே அல்லவா நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று, பேச விடாமல் மெசேஜ் மட்டும் அனுப்பட்டும் என்று பாதி வழிக்கு வந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2012இல் வந்த ஆய்வில், நடுவர்கள் முன் பேச வைக்கும் அதே மாதிரி சோதனைக்குப் பிறகு அம்மாவின் குரலைக் கேட்ட சிறுமிகளுக்குக் கார்டிசால் தணிந்தது. அம்மாவோடு குறுஞ்செய்தி மட்டும் பரிமாறியவர்களுக்கு, யாரோடும் பேசாதவர்களைப் போலவே ஏறித்தான் இருந்தது.

கேள்வி_நாயகம்:
சிறுமிகள்! பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள். அதுவும் அம்மா, தோழி இல்லை. வாத்தியாருக்கு நான் சொன்ன அதே ஆட்சேபணை உங்களுக்கும்.

ஆற்றுப்படுத்துநர்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். அதை இங்கே இழுத்திருக்கக் கூடாது.

இரவு_நர்ஸ்:
நேரத்தை யாருமே பேசவில்லை. கார்டிசால் காலையில் எழுந்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ராத்திரி படுக்கும் நேரத்தில் அடங்க வேண்டியது. மனம் பதறினால் உடனே ஏறி உடனே இறங்குவதும் இல்லை. உச்சத்துக்குப் போகவே இருபது, முப்பது நிமிஷம் ஆகும், இறங்க அதற்கு மேலும் ஆகும். பதினொன்று வரை அந்த வாட்ஸ்அப் கதையை அலசிவிட்டு உடனே படுத்தால் எப்படித் தூக்கம் வரும்? அதையே சாயங்காலம் ஆறு மணிக்கு நடந்துகொண்டே பேசட்டும். புலம்பினாலும் படுக்கப் போவதற்குள் ஆறிவிடும்.

மீனா_கரூர்:
எல்லோருக்கும் நன்றி. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம், அப்பாவைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணை வீட்டுக்கு வரச் சொன்னேன். மாடியில் வடாம் பிழிய ஆள் வேண்டும் என்று சாக்கு. இரண்டு பேரும் கையெல்லாம் மாவோடு மூன்று மணி நேரம் சிரித்தார்கள். பிசிக்ஸ் ஒரு தடவை வந்தது, குழுவிலிருந்து நீக்கியவள் பேச்சு இரண்டு தடவை வந்தது. காக்கா வந்தது, விரட்ட ஓடினார்கள்.

கேள்வி_நாயகம்:
ஒரு ஞாயிற்றுக்கிழமையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அன்றைக்குத் தூங்கினாளா?

மீனா_கரூர்:
பத்து மணிக்கே. திங்கட்கிழமை பழையபடி பதினொன்றுதான். ஆறு மணி நடை இன்னும் ஆரம்பிக்கவில்லை, அந்த நேரத்தில்தான் டியூஷன்.