ஊர் பப்பின் பெயரை மாற்றலாமா?

வழிப்போக்கன்:
இங்கிலாந்தில் கிராமத்து பப்புகளுக்குப் பெயர் மாற்றுவதைச் சட்டம் போட்டே தடுக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பலகைதான் மிச்சமிருக்கும் வரலாறு. ‘ராயல் ஓக்’ என்றால், 1651-ல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஓக் மரத்தில் ஏறி ஒளிந்த கதை. ‘வைட் ஹார்ட்’, அதாவது வெள்ளைக் கலைமான், மன்னர் இரண்டாம் ரிச்சர்டின் சின்னம். அதையெல்லாம் கழற்றிவிட்டு, விளம்பரக்காரர்கள் யோசித்த பெயரை மாட்டுகிறார்கள்.

முட்டுச்சந்து:
ஸ்டாஃபர்ட்ஷயரில் ஹிம்லி பக்கம் இருந்த ‘க்ரூக்கட் ஹவுஸ்’ தெரியும்தானே? 1765-ல் கட்டிய பண்ணை வீடு, 1830 வாக்கில் பப் ஆனது. பின்னாளில் அதன் பெயர் ‘கிளின் ஆர்ம்ஸ்’, அதாவது நிலக்கிழார் குடும்பத்துப் பெயர். அடியில் நிலக்கரி தோண்டித் தோண்டி ஒரு பக்கம் நாலடி இறங்கிவிட்டது. மேசையில் கோலிக்குண்டை வைத்தால் மேட்டைப் பார்த்து உருளுவதுபோல் தெரியும். ஜனங்கள் கோணல் வீடு என்றார்கள், அதுவே பலகையிலும் ஏறிவிட்டது. உங்கள் சட்டம் அன்றைக்கு இருந்திருந்தால் ஜமீன்தார் பெயர்தான் மிஞ்சியிருக்கும்.

வழிப்போக்கன்:
அது ஜனங்கள் வைத்த பெயர் சார். நான் சொல்வது தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து மாற்றுவதை.

முட்டுச்சந்து:
2021-ல் கிரீன் கிங் நிறுவனம், இனவாதமாகத் தொனிக்கிறது என்று ‘பிளாக் பாய்’ (கறுப்புப் பையன்) என்றிருந்த மூன்று பப்புகளின் பெயரை மாற்ற முடிவெடுத்ததே, அதுவும் தலைமை அலுவலகத்து வேலைதான். அதையும் தடுப்பீர்களா?

வழிப்போக்கன்:
அது அதே இரண்டாம் சார்லஸின் கருநிறத்தை வைத்து வந்த பட்டப்பெயர் என்றும் ஒரு பேச்சு உண்டு. சரி, வாசலில் தொங்க வேண்டாம். உள்சுவரில் பழைய பெயரை எழுதி வைக்க என்ன தடை?

கணக்குப்பிள்ளை:
இருவரும் பலகையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். ஹிம்லியில் பெயர் பத்திரமாக இருந்தது, கட்டடம்தான் போனது. 2023 ஜூலையில் அதை வைத்திருந்த மார்ஸ்டன்ஸ் நிறுவனம் விற்றது. ஆகஸ்ட் 5 இரவு தீ. 7-ம் தேதி முழுசாக இடித்தாயிற்று. மேல்தளத்தில் சில பகுதிகளை இறக்க மட்டும்தான் கவுன்சில் ஒப்புக்கொண்டிருந்தது.

இதன் வேர் 1989-ல் இருக்கிறது. 2,000 பப்புகளுக்கு மேல் வைத்திருந்த பீர் ஆலைகளின் பிடியைத் தளர்த்த அரசு ஆணை போட்டது. ஆலைகள் மொத்தமாக விற்றன, பீரே காய்ச்சாத நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கிப் போட்டன. வியாபாரம் படுத்தால் அவர்களுக்கு அது வெறும் மனை. போதாக்குறைக்கு, 2017 வரை பெரும்பாலான பப்புகளை இடிக்கத் திட்ட அனுமதியே தேவைப்படவில்லை.

முட்டுச்சந்து:
இப்போது நிலைமை வேறு. 2015-ல் லண்டனின் ‘கார்ல்டன் டேவர்ன்’ பப்பை அனுமதியில்லாமல் இடித்தவர்களை, வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் பழையபடியே கட்ட வைத்தது. 2021-ல் கதவு திறந்தது. ஹிம்லிக்கும் 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது: தீக்கு முன் இருந்தபடியே மூன்று ஆண்டுக்குள் கட்ட வேண்டும். உரிமையாளர்கள் மேல்முறையீடு செய்தார்கள்.

வழிப்போக்கன்:
இருந்தபடியே என்றால் அந்த நாலடிக் கோணலையும் சேர்த்துத்தானே? நிமிர்த்திக் கட்டிவிட்டால் ‘கிளின் ஆர்ம்ஸ்’ என்றே பலகை மாட்டட்டும். அந்த ஒரு பெயர் மாற்றத்துக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன்.