பின் பிரேக்கை மிதித்தால் வண்டி இழுக்கிறது, முன் பிரேக்கைத் தொடவே பயமாக இருக்கிறது

கேள்வி:
பைக் ஓட்டப் பழகி மூன்று வாரம் ஆகிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுற்றாமல் நின்றுவிடாதபடி தடுக்கும் அமைப்பு) கிடையாது. நேற்று 40 கிலோமீட்டர் வேகத்தில் போனபோது, நின்றிருந்த காரின் மறைவிலிருந்து ஒரு நாய் குறுக்கே பாய்ந்தது. பின் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தேன். சக்கரம் கிறீச்சிட, வண்டியின் பின்பகுதி இடப்பக்கம் ஒதுங்கியது. நாய் தப்பியது அதன் சாமர்த்தியத்தால்தான், ஏனென்றால் வண்டி அந்த இடத்தைத் தாண்டித்தான் நின்றது. “முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய்” என்று எனக்குப் பழக்கிவிட்டவர் சொல்லியிருந்தார். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில் 1:
தம்பி, அந்த அறிவுரையை முதலில் மறந்துவிடுங்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்னால் வருகிறது. முன் டயர் சாலையில் அழுந்துகிறது, பின் டயர் இலேசாகிறது. இலேசான டயரை மிதித்தால் வழுக்கத்தான் செய்யும். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது.

அதில் விழுபவர்களும் பெரும்பாலும் குப்புற விழுவதில்லை. லீவரைப் படாரென்று இறுக்கினால், எடை முன்னால் வந்து சேருவதற்குள் சக்கரம் சுற்றாமல் நின்று, வண்டி பக்கவாட்டில் சரிந்துவிடும். ஈரத்துணியைப் பிழிவதுபோல முதலில் மெல்ல, பிறகு இறுக்கிப் பிடியுங்கள். பின் பிரேக்கை அளவாக மிதித்தால் போதும்.

பதில் 2:
இதெல்லாம் ஹேண்டில் நேராக இருக்கும்போதுதான். வளைவில் சாய்ந்திருந்தால் முதலில் வண்டியை நிமிர்த்துங்கள். முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் உடல் எடை கைகளில் விழும், விறைத்த கையால் லீவரை அளந்து பிடிக்க முடியாது.

கேட்டவர்:
கிளட்ச்? சக்கரம் நின்று வழுக்க ஆரம்பித்தால்?

பதில் 1:
கிளட்சையும் சேர்த்தே பிடித்துவிடுங்கள். கடைசி நொடியில் பிடித்தால் இன்ஜினும் வேகத்தைக் குறைக்கும் என்பார்கள், உண்மைதான், ஆனால் பழகும்போது அந்தக் கணக்கு வேண்டாம். ஆக்சிலேட்டரை மூடுங்கள். பதற்றத்தில் லீவரோடு சேர்த்து அதையும் முறுக்குபவர்கள் உண்டு.

முன் சக்கரம் வழுக்கினால் உடனே விட்டு, மறுபடி மெல்லப் பிடியுங்கள். பின் சக்கரம் வழுக்கி வண்டி கோணலாகிவிட்டால் நிற்கும்வரை காலை எடுக்காதீர்கள். சட்டென்று விட்டால் டயருக்குப் பிடிப்பு திரும்பி, உங்களை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும்.

பதில் 3:
40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். பிரேக்கில் கை வைப்பதற்குள்ளேயே அவ்வளவு போய்விடும். நின்றிருக்கும் கார்களைக் கடக்கும்போது இரண்டு விரல்களை லீவர்மேல் வைத்துக்கொள்ளுங்கள். மணல் இல்லாத, காய்ந்த, ஆளில்லாத தார்த்தளத்தில் 20இல் தொடங்கிப் பழகுங்கள்.

கேட்டவர்:
இன்று காலை பழகினேன். 30இல், பின் பிரேக் மட்டும் பிடித்தால் நிற்கப் பன்னிரண்டு காலடி ஆனது. இரண்டையும் சேர்த்துப் பிடித்தபோது எட்டு! முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் வைத்த குழாய்கள்) நன்றாக அமுங்குகிறது, அது பழுதா?

பதில் 1:
பழுதில்லை. எடை முன்னால் வருகிறது என்று சொன்னேனே, அதைத்தான் பார்த்திருக்கிறீர்கள்.